ரிப்போர்ட் வந்த நாளுக்கும் முதல் ஊசிக்கும் நடுவே

பயாப்ஸி முடிவு கைக்கு வந்த நாளுக்கும் சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் நடுவே சில வாரங்கள் ஓடிவிடுகின்றன. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை இதற்கு இலக்கே வைத்திருக்கிறது: புற்றுநோய்ச் சந்தேகத்தில் அவசரமாக அனுப்பப்பட்டவருக்கு 62 நாளுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும், இன்ன சிகிச்சை என்று முடிவான பிறகு 31 நாளுக்குள். நம் பக்கத்தில் ஸ்கேனுக்குத் தேதி, பணத்துக்கு ஏற்பாடு, ஆபரேஷன் தியேட்டருக்குத் தேதி என்று அலைந்து முடிப்பதற்குள் ஒரு மாதம் போய்விடுவது சாதாரணம்.

அந்த ஒரு மாதம் வீட்டில் எப்படிக் கழிகிறது என்று பாருங்கள். விஷயம் தெரிந்த உறவினர்கள் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். நோயாளியைக் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. மகளோ மருமகளோ அடுப்படியைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று வேளையும் கஞ்சி, இட்லி, ரசம் சாதம். நேற்று வரை கடைக்குப் போய்வந்த, மாடிப்படி ஏறிய, துணி துவைத்த ஒருவர் ரிப்போர்ட் வந்த மறுநாளே முழுநேர நோயாளி ஆகிவிடுகிறார். இத்தனையும் அன்பினால் நடப்பது. ஆனால் ஆபரேஷன் மேஜைக்குப் போகும்போது அவர் உடம்பு ரிப்போர்ட் வந்த அன்று இருந்ததைவிட மோசமாக இருக்கிறது.

மிகையாகச் சொல்லவில்லை. 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோய் எதுவும் இல்லாத முதியவர்கள் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். பத்து நாள் முடிவில் அவர்கள் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் புற்றுநோய் ஏற்கெனவே தசையைக் கரைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இதே படுக்கை என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த இடைவெளியைப் பயன்படுத்தி உடம்பையும் மனதையும் சிகிச்சைக்குத் தயார்படுத்துவதைத்தான் மருத்துவ உலகம் ப்ரீஹேப் என்கிறது. சிகிச்சைக்குப் பிறகு செய்யும் மறுவாழ்வுப் பயிற்சியைச் சிகிச்சைக்கு முன்னாலேயே தொடங்குவது. உடற்பயிற்சி, புரதம் மிகுந்த சாப்பாடு, மனதுக்குத் துணை என்று மூன்று கால்களில் நிற்கிறது. புகைபிடிப்பதை நிறுத்துவது, ரத்தசோகையைச் சரிசெய்வது, சுகரைக் கட்டுக்குள் கொண்டுவருவது ஆகியவையும் இதில் சேரும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மயக்க மருந்து நிபுணர் பிரான்செஸ்கோ கார்லி குடல் புற்றுநோய் நோயாளிகளிடம் இதை வளர்த்தெடுத்தார். பிரிட்டனில் 2019-இல் புற்றுநோயாளிகளுக்கு உதவும் மேக்மில்லன் அமைப்பும் மயக்க மருந்து நிபுணர்களின் ராயல் கல்லூரியும் சேர்ந்து வழிகாட்டி ஒன்றை வெளியிட்டன. அதே ஆண்டு மான்செஸ்டர் வட்டாரத்தில் ஒரு பெரிய திட்டமே தொடங்கியது.

பலன் உண்டா? குடல் புற்றுநோய் ஆபரேஷனுக்குக் காத்திருந்த 251 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், நான்கு வாரம் தயார்ப்படுத்தப்பட்டவர்களில் 17 சதவீதம் பேருக்குக் கடுமையான சிக்கல்கள் வந்தன. வழக்கமான முறையில் போனவர்களில் கிட்டத்தட்ட 30 சதவீதம். இதைவிட எனக்குப் பிடித்தது 2018-இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த எளிமையான ஓர் ஆய்வு. மேல்வயிற்று ஆபரேஷனுக்கு முன்னால் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஒரே ஒரு முறை, அரை மணி நேரம் உட்கார்ந்து, ஆபரேஷனுக்குப் பிறகு ஏன் மூச்சை ஆழமாக இழுக்க வேண்டும், எப்படி இழுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். நுரையீரல் சிக்கல்கள் 27 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாக இறங்கின. இயந்திரம் இல்லை, மருந்து இல்லை. அரை மணி நேரப் பேச்சுதான்.

நம் ஊர் வார்டுகளில் மூன்று பந்து இருக்கும் அந்த பிளாஸ்டிக் கருவியை எல்லோரும் பார்த்திருப்போம். ஆபரேஷன் முடிந்து, வயிற்றில் தையலோடு, வலியில் முனகிக்கொண்டிருப்பவர் கையில் அதைக் கொடுத்து "இழுங்க, நல்லா இழுங்க" என்பார்கள். பாதிப்பேர் ஊதுவார்கள். உண்மையில் உறிஞ்ச வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்னால், வலி எதுவும் இல்லாத நாளில், அவரையும் பக்கத்தில் இருக்கப்போகும் மகனையும் உட்கார வைத்துக் காட்டியிருந்தால் வார்டில் இந்தக் கூத்து நடக்காது.

அரை மணி நேரப் பேச்சு என்றால் எந்த மொழியில், யாரிடம், எதைப் பற்றி என்ற கேள்விகள் உடனே வந்து நிற்கின்றன. தெற்காசியர்களுக்கென்று தனியாக யோசிக்க வேண்டிய தேவை இங்கேதான் தொடங்குகிறது.

ஒல்லியான உடம்பு, மெலிந்த தசை

முதலில் உடம்பைப் பார்ப்போம். உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இலேயே ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீட்டில் (உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் பி.எம்.ஐ.) 25-க்குப் பதில் 23-லிருந்தே கவனம் வேண்டும் என்றது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக் பல ஆண்டுகளாகக் காட்டிவருவதும் இதைத்தான்: இந்திய உடம்பு பார்க்க ஒல்லியாக இருக்கும், உள்ளே கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருக்கும். ஆகவே வெள்ளைக்கார நோயாளிக்கு வகுத்த எடை அட்டவணையை வைத்து "இவர் எடை சரியாகத்தான் இருக்கிறது" என்று ஒரு தெற்காசியரை அனுப்பிவிட்டால், அவரிடம் கரைந்துபோக மிச்சமிருக்கும் தசை எவ்வளவு குறைவு என்பது தெரியாமலே போகும். எடை மெஷினைவிடக் கைப்பிடி வலுவை அளப்பது நல்லது. ஆசியர்களுக்கென்று 2019-இல் வகுத்த அளவுப்படி ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே பிடிவலு இருந்தால் தசை பலவீனம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது சுகர். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றும், 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில் நிற்கிறார்கள் என்றும் கணக்கிட்டது. பிரிட்டனில் வாழும் தெற்காசியர்களுக்கும் மற்றவர்களைவிடப் பலமடங்கு அதிக ஆபத்து. கீமோவோடு வாந்தி வராமலிருக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு சுகரை ஏற்றிவிடும். சுகர் ஏறினால் புண் ஆறாது, கிருமித் தொற்று எளிதில் பிடிக்கும். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இரண்டையும் புற்றுநோய் வந்த பிறகு தனியாகத் தேட வேண்டியதில்லை. இருக்கும் என்று எடுத்துக்கொண்டே முதல் நாள் பார்த்துவிடலாம்.

அடுப்படிக் கணக்கு

உணவு விஷயத்தில்தான் பொதுவான அறிவுரைத் தாள்கள் சிரிப்புக்கிடமாகின்றன. கோழி நெஞ்சுக்கறி, டூனா மீன், சீஸ், கிரேக்கத் தயிர் என்று பட்டியல் போகும். சமைப்பவர் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டு, வழக்கம்போல் குக்கரை ஏற்றுவார்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். புற்றுநோய் நோயாளிகளுக்கு ஐரோப்பிய ஊட்டச்சத்து அமைப்பு சொல்வது, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை தினசரிப் புரதம். 55 கிலோ எடையுள்ள ஒரு அம்மாவுக்கு நடுத்தரமாக 66 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். காலையில் மூன்று இட்லி, சாம்பார்: 9 அல்லது 10 கிராம். மதியம் சோறு, குழம்பு, ஒரு பொரியல், மோர்: 14 கிராம் வந்தால் பெரிது. மாலையில் டீயும் இரண்டு பிஸ்கட்டும். இரவு இரண்டு தோசை, சட்னி. எல்லாம் கூட்டினால் 35-ஐத் தொடுவதே கஷ்டம். வயிறு நிரம்பியிருக்கும், ஆனால் பாதிதான் வந்திருக்கும். இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 2025-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு சொன்னது இந்தத் தட்டைத்தான்.

மீதிப் பாதியை நிரப்ப டூனாவுக்கு அலைய வேண்டாம். இரண்டு முட்டை 12 கிராம். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் இன்னொரு 12. ஒரு கிண்ணம் கெட்டித் தயிர் 6, ஒரு டம்ளர் பால் 6. முடிந்தது. முட்டை ஆகாத வீட்டில் 50 கிராம் பன்னீரும் ஒரு பிடி வறுத்த வேர்க்கடலையும் அந்த இடத்தை நிரப்பும். மீன் சாப்பிடும் யாழ்ப்பாணத்து வீட்டிலோ சிட்டகாங் வீட்டிலோ ஒரு நல்ல துண்டு மீன் 20 கிராம் கொடுத்துவிடும். சாப்பாட்டு வகையை மாற்றாமல் தட்டில் சோற்றைக் கொஞ்சம் சுருக்கிப் பருப்பைக் கெட்டியாக்கினாலே பாதி வேலை ஆகிவிடும். (சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் கூட்ட வேண்டும்.)

ஆனால் சுண்டலைச் சொன்னதும் வீட்டில் எழும் முதல் குரல் "வாயு" என்பது. முட்டை "சூடு". தயிர் "சளி". மீன் "புண்ணுக்கு ஆகாது". பத்தியம் என்ற ஏற்பாடு நம்மிடம் ஆழமாக வேர்விட்டது. உடம்பு சரியில்லாதபோது சாப்பாட்டைக் குறைத்து, எளிமையாக்கி, வயிற்றுக்கு ஓய்வு கொடுப்பது. காய்ச்சலுக்கு மூன்று நாள் அது சரி. புற்றுநோய்க்கு ஆறு மாதம் அதைக் கடைப்பிடித்தால் நோயாளி எலும்பும் தோலும் ஆகிவிடுவார். இதை எதிர்த்து வாதம் செய்து ஜெயிக்க முடியாது என்பது என் கருத்து. உணவு ஆலோசகர் கெட்டிக்காரராக இருந்தால் பத்தியத்துக்குள்ளேயே இடம் தேடுவார். பாசிப்பருப்பு குளிர்ச்சி என்று ஒத்துக்கொள்ளும் வீட்டில் பாசிப்பருப்புக் கஞ்சி. தயிர் வேண்டாம் என்றால் பால். சுண்டல் வேண்டாம் என்றால் உளுந்தங்களி. கஞ்சியிலேயே பால் பவுடரைக் கலந்துவிடலாம். அடுத்து, இரும்பு மாத்திரை விழுங்கியதும் மேலே டீ குடிக்கும் பழக்கம். டீயை ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டாலே மாத்திரை வேலை செய்யும். பீட்ரூட் ஜூஸ், மாதுளை ஜூஸ் குடித்தால் ரத்தம் ஊறும் என்ற நம்பிக்கையால் பெரிய கெடுதல் இல்லை, சுகர் இல்லாதவருக்கு. சுகர் இருப்பவருக்கு நாளைக்கு மூன்று டம்ளர் ஜூஸ் நேரடி நஷ்டம்.

விரதங்கள் தனிக் கணக்கு. ரமலான் நோன்பிலிருந்து நோயாளிக்கு விலக்கு உண்டு என்று எல்லா முஸ்லிம்களுக்கும் தெரியும். ஆனால் ஆயுளில் ஒரு நோன்பையும் விடாதவருக்கு, நோய் வந்த வருஷத்தில் அதை விடுவதுதான் பெரும் பாரம். அவரிடம் மருத்துவர் சொல்வதைவிடப் பள்ளிவாசல் இமாம் ஒரு வார்த்தை சொன்னால் மனம் சமாதானமாகும். ஏகாதசி, சஷ்டி, வியாழக்கிழமை விரதம் இருக்கும் அம்மாக்களும் அப்படித்தான். பிள்ளைக்காக, கணவனுக்காக இருந்த விரதத்தைத் தன் உடம்புக்காக விட மனம் வராது. புரட்டாசியில் கவிச்சி நிறுத்தும் வீட்டில் அந்த மாதத்துக்குப் பருப்பும் பன்னீரும் முன்கூட்டியே திட்டத்தில் இருக்க வேண்டும். காலண்டரைப் பார்க்காமல் உணவுத் திட்டம் எழுதினால் நான்காவது நாள் அது குப்பைக்குப் போகும்.

கஷாயங்கள்பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. சிகிச்சை தொடங்கும் முன் சும்மா இருக்கும் வாரங்களில்தான் யாரோ சொன்ன இலை, வேர், பொடி எல்லாம் வீட்டுக்குள் வருகிறது. கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று சீந்தில் குடித்தவர்களுக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். கீமோ மருந்துகள் பலவற்றைக் கையாள வேண்டியது அதே கல்லீரல்தான். சமையலில் போடும் மஞ்சளும் மிளகும் வேறு, கேப்ஸ்யூலில் அடைத்த சத்து வேறு. இதைச் சொன்னால் டாக்டர் திட்டுவார் என்று மறைப்பவர்கள் அதிகம். "என்ன கஷாயம் குடிக்கிறீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டால் பதில் வரும். "நாட்டு மருந்து எதுவும் எடுக்கலையே?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும்.

படுக்க வைக்கும் பாசம்

இந்தியாவில் பாதிக்கு மேற்பட்டோர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்றும், பொழுதுபோக்காக உடற்பயிற்சி செய்பவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை என்றும் 2014-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஆக, நோய் வந்த பிறகு "வாரம் மூன்று நாள் ஜிம்முக்கு வாருங்கள்" என்பது அறுபது வயதில் ஒருவரைப் புது மதத்துக்கு அழைப்பதுபோல. இங்கிலாந்தின் பிராட்போர்டில் இருக்கும் பாகிஸ்தானியப் பாட்டிக்கோ லண்டன் ஹாரோவில் இருக்கும் ஈழத்து அம்மாவுக்கோ, இறுக்கமான உடை, ஆண்கள் சுற்றியிருக்கும் கூடம், சத்தமான பாட்டு, ஆங்கிலத்தில் உரக்கப் பேசும் பயிற்சியாளர் என்று ஒவ்வொன்றும் ஒரு தடை. பெண்களுக்கென்று தனி நேரம், பெண் பயிற்சியாளர், சேலையோடும் சல்வாரோடும் செய்யக்கூடிய அசைவுகள், கோயில் மண்டபமோ குருத்வாராவோ பள்ளிவாசல் கூடமோ கிடைத்தால் அங்கேயே வகுப்பு. இவற்றில் எதற்கும் பெரிய செலவு கிடையாது.

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, குந்தி உட்கார்ந்து எழுவது, தொழுகையில் குனிந்து நிமிர்வது எல்லாம் தொடைத் தசைக்கு நல்ல வேலை கொடுப்பவை. முழங்கால் வலி உள்ளவருக்கு நாற்காலியிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு பத்து முறை எழுந்து உட்காரச் சொல்லலாம். வேக நடை என்றால் எவ்வளவு வேகம் என்று கேட்பார்கள்: பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. எலும்புக்குப் புற்றுநோய் பரவியவர்கள், ரத்தத் தட்டணுக்கள் குறைந்தவர்கள் மட்டும் எதைச் செய்யலாம் என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

பெரிய தடை நோயாளியிடம் இல்லை, கவனித்துக்கொள்பவரிடம் இருக்கிறது. அம்மா கையில் துடைப்பத்தை எடுத்தால் மருமகள் ஓடிவந்து பிடுங்குவாள். பார்க்க வந்த சித்தி, "புற்றுநோய் வந்தவளை வேலை வாங்குறியா?" என்று கேட்டுவிட்டால் அந்தப் பழிச்சொல்லை அவளால் தாங்க முடியாது. ஆகவே அறிவுரையை மருமகளின் முன்னால், முடிந்தால் அந்தச் சித்தியின் முன்னாலும் மருத்துவர் வாயால் சொல்ல வேண்டும்: இவர் தினமும் நடக்க வேண்டும், வீட்டு வேலை செய்யலாம், இது சிகிச்சையின் பகுதி. மருந்துச் சீட்டில் மாத்திரைக்குக் கீழே "காலை 15 நிமிடம், மாலை 15 நிமிடம் நடை" என்று கையெழுத்தோடு எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. சீட்டில் இருப்பதற்கு நம் வீடுகளில் இருக்கும் மரியாதை வேறு.

தெரியாமல் தயாராக முடியுமா?

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்." புற்றுநோய் மருத்துவர்கள் வாரம் தவறாமல் கேட்கும் வாக்கியம் இது. கட்டி என்பார்கள், புண் என்பார்கள், கதிர்வீச்சைக் கரண்ட் வைப்பது என்பார்கள். அப்பாவுக்கும் பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். பிள்ளைகள் மனம் நோகக்கூடாது என்று அவரும் தெரியாததுபோல் இருப்பார். இரண்டு பக்கமும் நாடகம்.

இந்த நாடகத்தைக் கொடுமை என்று ஒரே அடியாகத் தள்ள எனக்கு மனமில்லை. ஆனால் தயார்ப்படுத்துதல் இதில் வந்து முட்டி நின்றுவிடுகிறது. வெறும் அல்சர் என்று நம்பும் மனிதரை எதற்காக நான்கு வாரம் மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்வது? எதற்காக பீடியை இன்றே விடச் சொல்வது? பிரிட்டனில் இன்னொரு சிக்கல்: ஆங்கிலம் தெரிந்த மகளோ பேரனோ நடுவில் மொழிபெயர்க்கிறார்கள், வேண்டாததை விழுங்கிவிடுகிறார்கள். பதினைந்து வயதுப் பையன் பாட்டியிடம் மார்பைப் பற்றியும் மலம் போவதைப் பற்றியும் எப்படிப் பேசுவான்? மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர் அங்கே இருந்தே ஆக வேண்டும்.

நடைமுறையில் வேலை செய்வது நடுவழி. "உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறீங்க? எல்லாத்தையும் உங்ககிட்டச் சொல்லட்டுமா, மகன்கிட்டச் சொன்னாப் போதுமா?" என்று நோயாளியையே கேட்பது. "அவன்கிட்டச் சொல்லுங்க" என்றால் அதுவும் அவர் முடிவுதான். அதற்குப் பிறகும், முழு விவரத்துக்குள் போகாமலே, "பெரிய ஆபரேஷன் வருது, அதுக்கு உடம்பைத் தேத்தணும்" என்று உண்மையாகச் சொல்லிப் பயிற்சியைத் தொடங்க முடியும். கர்மா, விதி, அல்லாஹ்வின் நாட்டம் என்ற பேச்சை மேற்கத்திய ஆய்வாளர்கள் பலர் மன உறுதியின்மை என்று குறித்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் "கடவுள் விட்ட வழி" என்று சொல்லிக்கொண்டே அடுத்த பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்தான் பெரும்பான்மை. நம்பிக்கை வேறு, கைகட்டி இருப்பது வேறு.

வாயும் வயிறும்

தெற்காசியாவின் தனிச் சுமை வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை, குட்கா. பாக்கு மட்டுமே தனியாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் அறிவித்தது. "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று சொல்பவர் பட்டியலில் "புகைபிடிப்பவர் அல்லர்" என்று பதிவாகிவிடுவார்; கேள்வியே தவறு. பல ஆண்டு பாக்கு மென்றவர்கள் சிலருக்கு வாயின் உட்சவ்வு இறுகி இரண்டு விரல்கூட நுழையாது. மயக்க மருந்து கொடுப்பவர் குழாய் போட முடியாமல் திணறுவார். ஆகவே வாய் திறக்கும் பயிற்சி, விழுங்கும் பயிற்சி இரண்டும் சிகிச்சைக்கு முன்பே தொடங்க வேண்டும். கரண்ட் வைப்பதற்கு முன் கெட்டுப்போன பற்களைப் பிடுங்கி, ஈறு ஆற இரண்டு வாரமாவது விட வேண்டும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பே அழுகிவிடும் அபாயம் உண்டு. இந்த இரண்டு வாரத்தை அட்டவணையில் யாராவது ஒதுக்கினால்தான் நடக்கும்.

குடல் புற்றுநோயில் மலம் வெளியேற வயிற்றில் துளையிட்டுப் பை வைக்க வேண்டி வருபவர்களுக்கு, அந்தத் துளை எங்கே வர வேண்டும் என்று ஆபரேஷனுக்கு முன்பே பேனாவால் குறிப்பார்கள். நோயாளியை நிற்கவும் உட்காரவும் குனியவும் வைத்துப் பார்ப்பது முறை. பேண்ட் போடுபவருக்கு பெல்ட் கோடு. உள்பாவாடை நாடாவை இறுகக் கட்டும் பெண்ணுக்கு அது வேறு இடத்தில் இருக்கும். வேட்டியோ லுங்கியோ கட்டுபவருக்கு இன்னும் வேறு. ஆஸ்பத்திரி கவுனில் நிற்க வைத்துக் குறித்தால் வீட்டுக்குப் போனதும் நாடா சரியாகப் பையின்மேல் உட்காரும், கசியும். கட்டிவந்த சேலையோடு, தரையில் சம்மணமிட்டு, தொழுபவரானால் நெற்றி தரையில் படும் ஸஜ்தாவில் குனிந்து என்று எல்லா நிலையிலும் பார்த்துக் குறிக்க வேண்டும். பை இருந்தால் கோயிலுக்குள் போகலாமா, உளூ (தொழுகைக்கு முன் கைகால் கழுவும் சுத்தம்) நிற்குமா என்ற கேள்விகளை யாரும் டாக்டரிடம் கேட்பதில்லை. கேட்காமலே ஆபரேஷனை மறுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

பண்பாடு என்ற போர்வை

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கை. "தெற்காசியர்" என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது கணக்கெடுப்புக்கு வசதி. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 2021 கணக்கெடுப்பின்படி 43 சதவீதம் பேர் ஆசியர்கள். அங்கே குஜராத்தி ஜைனர் கிழங்கையே தொடமாட்டார். லண்டன் டவர் ஹாம்லெட்ஸில் மூன்றில் ஒருவர் வங்கதேசத்தவர். அவர்களில் பலர் வீட்டில் பேசுவது சில்ஹெட் வட்டாரத்தின் சில்ஹெட்டி, அச்சடித்துக் கொடுப்பதோ தூய வங்காளி. எழுத்துத் தாளைவிட வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிடக் குரல் பதிவு மேல். ப்ரீஹேப் ஆய்வுகள் பலவற்றில் ஆங்கிலம் தெரியாதவர்களைச் சேர்ப்பதே இல்லை. அதனால் இவர்களிடம் எது பலிக்கும் என்பதற்கான சான்று மெல்லியதாகவே இருக்கிறது.

பண்பாட்டின்மேல் பழி போடுவது நிர்வாகத்துக்கும் வசதி. வகுப்புக்கு வரவில்லை என்றால் "அவர்கள் வழக்கம் அப்படி" என்று எழுதிவிடலாம். வராததற்குக் காரணம் இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது, கடையைப் பூட்டினால் அன்றைய வருமானம் போகும், பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதாக இருக்கலாம். தமிழ்நாட்டில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு இன்றும் தொலைதூரக் கிராமங்களிலிருந்து வருகிறார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்கு நாட்டின் மறுகோடியிலிருந்து ரயிலேறி வந்து நடைபாதையில் தங்குபவர்கள் உண்டு. அப்படி வருபவருக்குப் புரதக் கணக்கு சொல்வதற்கு முன்னால் அவர் எங்கே சமைக்கிறார் என்று கேட்க வேண்டும்.

அதனாலேயே இங்கே பிரிட்டன் மாதிரி ஜிம்மும் ஆறு நிபுணர் குழுவும் வரும்வரை காத்திருப்பதில் அர்த்தமில்லை. தேதிக்காகவும் கையெழுத்துக்காகவும் ஒரே நோயாளி இந்த வாரங்களில் மூன்று நான்கு முறை ஓ.பி. வாசலில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் சமைப்பவரும் இருக்கிறார். அந்தக் காத்திருப்பு வரிசையிலேயே ஒரு நர்ஸோ பிசியோதெரபி மாணவரோ வந்து மூச்சுப் பயிற்சியைக் காட்டலாம், பிடிவலுவை அளக்கலாம், நேற்று என்ன சாப்பிட்டார் என்று கேட்கலாம், பாக்கு உண்டா என்று கேட்கலாம். ஆபரேஷன் தேதிச் சீட்டோடு சுண்டலும் நடையும் எழுதிய இன்னொரு சீட்டையும் சமைப்பவர் கையில் கொடுத்தனுப்பலாம்.